'ஒண்ணும் பண்ணாது பாட்டி...' உங்கள் நாய் இந்த 10 தேர்விலும் பாஸ் ஆகுமா?

அப்பார்ட்மென்ட் லிஃப்ட். மூன்றாவது மாடியில் கதவு திறக்கிறது. உள்ளே, நாயைப் பிடித்தபடி ஓர் இளைஞர். வெளியே, கையில் பால் பாக்கெட்டுடன் ஒரு பாட்டி. அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பேத்தி.

"கடிக்குமாப்பா?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணாது பாட்டி. தைரியமா வாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நாய் முன்னங்கால்களைத் தூக்கிப் பாட்டியின் மேல் வைத்துவிட்டது. கடிக்கவில்லை. வாலைக்கூட ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பால் பாக்கெட் கீழே விழுந்தது. பேத்தி அலறிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். அன்று மாலையே அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது.

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அந்த இளைஞருக்குத் தெரிந்தது, வீட்டு ஹாலில் சோபாவுக்குக் கீழே படுத்திருக்கும் நாய். பாட்டி பார்த்ததோ, லிஃப்ட்டுக்குள் பரபரப்பாக நிற்கும் நாய். இரண்டும் ஒரே நாய்தான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதை வைத்துச் சொல்வது?

இதைச் சோதித்துப் பார்க்கவே ஒரு தேர்வு இருக்கிறது.

வித்தை காட்டத் தேவையில்லை

அமெரிக்கன் கென்னல் கிளப், 1884-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. இது 1989-ல் 'கேனைன் குட் சிட்டிசன்' என்ற தேர்வைக் கொண்டுவந்தது. 'நாய்களில் நல்ல குடிமகன்' என்று வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக, சி.ஜி.சி. பிரிட்டனில் உள்ள கென்னல் கிளப்பும் 1992 முதல் இதே போன்ற ஒரு திட்டத்தை நடத்துகிறது. அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகத் தேர்வுகள் உண்டு.

சி.ஜி.சி தேர்வில் பந்தைக் கவ்வி வரச் சொல்ல மாட்டார்கள். வளையத்துக்குள் பாயச் சொல்ல மாட்டார்கள். மனிதர்கள் நடமாடும் இடத்தில் யாருக்கும் தொல்லை கொடுக்காமல் இருக்கத் தெரியுமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உயர்ந்த ஜாதி நாயாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கலப்பின நாய்களும் எழுதலாம். வயது உச்ச வரம்பும் இல்லை. தேவையான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளும் வயது வந்திருந்தால் போதும்.

தேர்வுக்கு முன், நாயின் உரிமையாளர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். நாயின் ஆரோக்கியத்தையும் பாதுகாப்பையும் கவனித்துக்கொள்வேன், பொது இடத்தில் அது அசுத்தம் செய்தால் நானே சுத்தம் செய்வேன், மற்றவர்களின் உரிமையில் அது குறுக்கிட விட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். ஆக, முதல் கேள்வியே நாய்க்கு அல்ல, அதை வளர்ப்பவருக்குத்தான்.

மொத்தம் 10 தேர்வுகள். பத்திலும் பாஸ் ஆக வேண்டும். ஒன்பது போதாது. தேர்வு நடக்கும்போது நாயுடன் பேசலாம், பாராட்டலாம். ஆனால் ட்ரீட்டோ பொம்மையோ காட்டக் கூடாது. கழுத்தைக் குத்தும் முள் பட்டைகளுக்கும் அனுமதி இல்லை. நாய் யாரையாவது பார்த்து உறுமினால், கடிக்கப் போனால், தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

சான்றிதழ் வாங்குகிறோமோ இல்லையோ, இந்த 10 தேர்வுகளுக்கும் வீட்டிலேயே தயார்ப்படுத்தலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1, 2: பாசக்கார நாய்தான் முதலில் ஃபெயில்

முதல் தேர்வில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்களுக்குக் கை கொடுத்துப் பேசுவார். நாயைக் கண்டுகொள்ள மாட்டார். நாய் பயந்து பின்வாங்கக் கூடாது. அவர் மேல் பாயவும் கூடாது. இரண்டாவது தேர்வில், அவர் நாயைத் தடவிக் கொடுப்பார். நாய் அமைதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லேப்ரடார் போன்ற நாய்கள் பல தடுமாறுவது இங்கேதான். கோபத்தால் அல்ல, அளவுக்கு மீறிய பாசத்தால். ஆளைப் பார்த்ததும் தாவும். நாமும் "என் செல்லம்" என்று கொஞ்சுவோம். தாவினால் கொஞ்சல் கிடைக்கும் என்று நாய் படித்துக்கொண்டுவிடும். திட்டி, கையால் தள்ளினாலும் அதே கதைதான். தள்ளுவதும் அதற்கு ஒரு விளையாட்டு.

என்ன செய்யலாம்? நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கவனிப்பு. தாவினால் பேசாமல் திரும்பி நின்றுகொள்ளுங்கள். கால்கள் தரைக்கு வந்த அடுத்த நொடியே குனிந்து தடவுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் இதைச் செய்து பலனில்லை. அப்பா தள்ளிவிட, பையன் தாவ விட்டுக் கொஞ்ச என்றிருந்தால், நாய்க்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்களுக்குச் சிக்கல் வேறு. புது ஆளைச் சந்தேகப்படுவது அவற்றின் இயல்பிலேயே உண்டு. இவற்றை வலுக்கட்டாயமாகப் புது ஆளிடம் தொட விடக் கூடாது. முதலில் தூரத்தில் ஆள், கையில் ட்ரீட். சில நாள் கழித்துக் கொஞ்சம் பக்கத்தில். தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் வேலை சுலபம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை, புது மனிதர்களையும் சத்தங்களையும் நாய்க்குட்டிகள் எளிதில் ஏற்றுக்கொள்ளும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டலாம்.

3: சீப்பு, காது, கால்

தேர்வாளர் நாயின் ரோமத்தை மெதுவாக வாருவார். காதுகளைப் பார்ப்பார். முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார். இது அழகுப் போட்டி இல்லை. கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும்போது நாய் ஒத்துழைக்குமா என்பதற்கான ஒத்திகை.

தினமும் ஒரு நிமிடம் போதும். காதைத் தொடுங்கள், ஒரு ட்ரீட். பாதத்தைத் தொடுங்கள், ஒரு ட்ரீட். சில நாள் கழித்துப் பாதத்தைக் கையில் பிடித்து, இரண்டு நொடி வைத்திருந்து விடுங்கள். நாய் காலை இழுத்துக்கொண்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

4, 5: நடப்பது யார், இழுப்பது யார்?

நான்காவது தேர்வில், லீஷ் தளர்வாகத் தொங்க, நாய் உங்களுடன் நடக்க வேண்டும். வலது பக்கம், இடது பக்கம், பிறகு முழுவதுமாகத் திரும்புதல், இடையில் ஒருமுறை நிற்றல். ஐந்தாவது தேர்வில், மூன்று பேராவது இருக்கும் சிறு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். யார் மீதும் பாயாமல், இழுக்காமல்.

காலை வாக்கிங்கில் பல வீடுகளில் நாய்தான் மனிதரை அழைத்துப்போகிறது. நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் போக நினைத்த இடத்துக்குப் போக முடிகிறது. அவ்வளவுதான். அந்த லாபத்தை நிறுத்துங்கள். லீஷ் இறுகியதும் அசையாமல் நின்றுவிடுங்கள். நாய் திரும்பிப் பார்த்து, லீஷ் தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகலாம். பரவாயில்லை. அந்த வாரம் பொறுமை காட்டினால், அடுத்த பத்து வருடம் தோள் வலி இல்லை.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இவை வேட்டை நாய்கள். பூனையோ அணிலோ ஓடினால் கண் அங்கேதான் போகும். கூட்டத்துக்கு முன், உங்கள் முகத்தைப் பார்க்கப் பழக்குங்கள். பெயர் சொன்னதும் பார்த்தால் பரிசு. இது ஒன்று பழகிவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

வெயில் நேரத்தில் பயிற்சி வேண்டாம். உங்கள் புறங்கையைத் தார் சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

6, 7: உட்கார், படு, இரு, வா

ஆறாவது தேர்வில் நாய் 'உட்கார்' என்றால் உட்கார வேண்டும், 'படு' என்றால் படுக்க வேண்டும். பிறகு 'இரு' என்று சொல்லிவிட்டு, நீங்கள் 20 அடி கயிற்றின் மறுமுனை வரை நடந்து போய்த் திரும்புவீர்கள். அதுவரை அது இடத்தை விட்டு நகரக் கூடாது. ஏழாவது தேர்வில், 10 அடி தள்ளி நின்று கூப்பிட்டால் வர வேண்டும்.

தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா? எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். தாத்தா 'உட்காரு', அம்மா 'சிட்', அக்கா 'கீழ உக்காருடா' என்றால் நாய் பாவம்.

'இரு' என்ற பயிற்சியில் மூன்று அளவுகள் உண்டு. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றிலும் எவ்வளவு கவனச் சிதறல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டும்போது தூரத்தைக் குறையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் கூட்டிவிட்டு, "இது சொன்ன பேச்சு கேக்காது" என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு.

'வா' என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு விதி. அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருபோதும் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். செருப்பைக் கடித்துக் குதறிய நாயை 'வா' என்று கூப்பிட்டு ஓர் அடி போட்டால், அது செருப்பைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளாது. கூப்பிட்டால் போகக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

8, 9: எதிரே ஒரு நாய், பின்னால் ஒரு சத்தம்

எட்டாவது தேர்வில், 20 அடி தூரத்திலிருந்து இன்னொருவர் தன் நாயுடன் எதிரே வருவார். இருவரும் நின்று கை குலுக்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவீர்கள். உங்கள் நாய் மற்ற நாயை லேசாகக் கவனிக்கலாம், அதற்கு மேல் எதுவும் கூடாது. ஒன்பதாவது தேர்வில், நாற்காலியைக் கீழே தள்ளுவார்கள், ஊன்றுகோலைப் போடுவார்கள், அல்லது நாயின் முன்னால் ஒருவர் ஓடுவார். நாய் திடுக்கிடலாம். ஆனால் மிரண்டு ஓடக் கூடாது, குரைக்கவும் கூடாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தூரம். இன்னொரு நாயைப் பார்த்தும் உங்கள் நாயால் ட்ரீட் சாப்பிட முடிகிற தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். அது 50 அடியாக இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். சத்தத்துக்கும் அப்படியே. எவர்சில்வர் தட்டை முதலில் அடுத்த அறையில் மெதுவாகப் போடுங்கள். சாதாரணமாக இருந்தால் கொஞ்சம் பக்கத்தில். பழக்குகிறேன் என்று பட்டாசை மட்டும் வெடிக்காதீர்கள். பயம் நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடும்.

10: அந்த மூன்று நிமிடங்கள்

கடைசித் தேர்வு பார்க்க மிகச் சுலபமானது. லீஷைத் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று நிமிடம். நாய் ஓயாமல் குரைப்பதோ, முனகுவதோ, அங்குமிங்கும் அலைவதோ கூடாது.

எப்போதும் யாராவது உடன் இருக்கும் வீட்டு நாய்களுக்கு இதுதான் மலை. நாளைக்கே ஓர் அவசரம், யாரிடமாவது விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பதை இந்த மூன்று நிமிடங்கள் சொல்லிவிடும்.

முதலில் ஐந்து நொடி. அறைக்கு வெளியே போய், அது முனகுவதற்கு முன்பே திரும்பி வாருங்கள். பிறகு பத்து நொடி, அரை நிமிடம், ஒரு நிமிடம். போகும்போது "அம்மா போயிட்டு வந்துடறேன்டா தங்கம்" என்று கட்டிப்பிடித்து விடைபெற வேண்டாம். வரும்போது ஆர்ப்பாட்டமும் வேண்டாம். போவதும் வருவதும் சாதாரண விஷயம் என்று அதற்குப் புரிய வேண்டும்.

எட்டு வாரத் திட்டம்

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. இதற்கு மேல் இழுத்தால் நாய்க்கும் சலிப்பு, உங்களுக்கும் கோபம்.

* 1, 2 வாரங்கள்: வீட்டுக்குள். பெயர் சொன்னால் பார்ப்பது, உட்கார், படு, காதும் காலும் தொடுவது.
* 3, 4 வாரங்கள்: மொட்டை மாடி, வராண்டா. தளர்ந்த லீஷில் நடை, 'இரு', 'வா'.
* 5, 6 வாரங்கள்: தெரு, ஆளரவம் குறைந்த மைதானம். தூரத்தில் மனிதர்கள், தூரத்தில் நாய்கள்.
* 7-வது வாரம்: ட்ரீட்டைக் குறைத்தல். ஒவ்வொரு முறையும் கொடுத்ததை இரண்டு முறைக்கு ஒன்று, பிறகு நான்கு முறைக்கு ஒன்று. மற்ற நேரங்களில் வாய் நிறையப் பாராட்டு.
* 8-வது வாரம்: ஒத்திகை. நாய்க்கு அதிகம் பழக்கமில்லாத நண்பர் ஒருவர் தேர்வாளர். பத்தும் வரிசையாக.

இது ஒரு வழிகாட்டிதான். சில நாய்களுக்கு எட்டு மாதமும் ஆகலாம். தத்தெடுத்த தெருநாயோ, அடிபட்டு வளர்ந்த நாயோ என்றால் கணக்கே வேறு.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹாலில் கற்றுக்கொண்ட 'உட்கார்', லிஃப்ட்டில் தானாக வராது. இடம் மாறினால் நாய்க்குப் பாடமும் புதிது. அதனால் ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு இடத்திலும் திரும்ப நடத்த வேண்டும். அது திமிர் பிடித்துச் செய்யாமல் இருப்பதில்லை. அந்த இடத்தில் இன்னும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

உறுமினால் அடிக்காதீர்கள்

பயிற்சியின்போது நாய் உறுமினால் பலருக்கும் கை ஓங்கத்தான் வரும். கூடாது. உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்து" என்று நாய் சொல்லும் எச்சரிக்கை. அடித்தால் உறுமல் நின்றுவிடும். பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல் படும்.

உறுமலுக்கு முன்பே சில அறிகுறிகள் உண்டு. தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலை இடுக்கிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால், கட்டுரை படித்துப் பயிற்சி கொடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலிகூடக் காரணமாக இருக்கலாம். பிறகு, அடிக்காமல் சொல்லித் தரும் பயிற்சியாளரைத் தேடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் செல்ல நாய்க்கு உரிமம் வாங்குவதும் கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசி போடாத நாய்க்கு எந்தத் தேர்வும் தேவையில்லை. முதலில் ஊசி, பிறகுதான் பயிற்சி.

ஒருவேளை உங்கள் நாய் பத்திலும் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் லீஷ் இல்லாமல் வெளியே விட அது அனுமதிச் சீட்டு அல்ல. நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் நம் நாயின் நல்ல குணத்தை நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சின்ன வயதில் கடிபட்டவருக்கு, வாலாட்டும் நாயும் நாய்தான்.

மறுபடி அதே லிஃப்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடி. கதவு திறக்கிறது. பாட்டி, பேத்தி, பால் பாக்கெட்.

இந்த முறை அந்த இளைஞர் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லவில்லை. லீஷைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு "உட்கார்" என்கிறார். நாய் அவர் காலோரமாக உட்காருகிறது. அவர் முகத்தையே பார்க்கிறது.

"பாட்டி, நீங்க வர்றீங்களா, இல்ல அடுத்த லிஃப்ட்ல வர்றீங்களா? உங்க இஷ்டம்."

"நீ போப்பா, நாங்க அப்புறம் வர்றோம்."

கதவு மூடப்போகிறது. பாட்டியின் புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்க்கிறது.

"அங்கிள்... அது பேரு என்ன?"